பிரெஞ்சு மன்றத்தில் இனி நான் ஃபிலோமினா

சேர்ந்துவிட்டேன்!

ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் பிரெஞ்சு படிக்கும் டியூஷன் சென்டரில், நல்ல மதிப்பெண் வாங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கௌரவ மன்றம் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டி அதில் நுழைந்த முதல் ஆள் நான்தான். என் மதிப்பெண்ணில் யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வேறு. மன்றத்துக்குள் ஆன்ட்டி, அக்கா, அண்ணா எதுவும் கிடையாது. உறுப்பினர் ஒருவர் எழுந்து, வெறும் பெயர் சொல்லி அழைத்தால்தான் புதியவர் உள்ளே வரலாம்.

இன்று மாலை வாசலில் நின்றேன். ஒருவரும் அழைக்கவில்லை. கிசுகிசுப்பு மட்டும் கேட்டது.

"டேய், நீ கூப்பிடுடா."

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க மச்சி."

பதினோராம் வகுப்புப் படிக்கும் தலைவி நிலா எழுந்தாள். "வாங்க ஃபிலோமினா... ஆன்ட்டி."

"செல்லாது. மறுபடியும்."

"ஃபிலோமினா மேடம்?"

"அதுவும் செல்லாது. நான் இப்படியே வீட்டுக்குப் போகட்டுமா?"

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு கத்தினாள். "ஃபிலோமினா, உள்ள வா!"

கைதட்டலில் அறையே அதிர்ந்தது. என் கணவர் போன பிறகு யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. நிமிர்ந்து நடந்து உள்ளே போனேன்.

என் புடவையில் பேட்ஜைக் குத்தும்போது நிலா காதோரம் சொன்னாள். "ஸாரி ஆன்ட்டி."

வாழ்த்த வருபவர்கள் கவனிக்க: கீழே கமெண்ட்டில் 'ஆன்ட்டி' என்று எழுதினால் செல்லாது. உங்களில் யாருக்குத் தைரியம் இருக்கிறது, பார்ப்போம்.