டெஸ்டர் எரியாத கரண்ட்

என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். தெருவில் அவருக்குப் பெயர் 'டெஸ்டர்'. கல்யாணப் போட்டோவில்கூடச் சட்டைப் பையிலிருந்து டெஸ்டர் எட்டிப் பார்க்கும். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஏணியிலிருந்து இறங்கும்போது கணுக்காலில் கீறிக்கொண்டார். சர்க்கரை உடம்பு. கீறல் புண்ணாகி, மழைக்காலம் போய் வெயில் வந்தும் மூடவில்லை. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். அன்றைக்கே இவர் தன் ஏணியை எதிர்வீட்டுப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டார். "எனக்கு எதுக்கு இனிமே? நீயே வச்சுக்கப்பா."

ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒன்று சொன்னார்கள்: புண்ணுக்குப் பக்கத்தில் பட்டை ஒட்டி, லேசாகக் கரண்ட் வைப்பது. "கரண்டு சுட்டுத்தான் புண்ணு வரும். புண்ணுலயே வைப்பாங்களாமா!" என்று குதித்தார். இழுத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் பொறுமைசாலி. "நம்ம தோல்லயே துளி கரண்டு இருக்குங்க. காயம் பட்டா, மூட வர்ற செல்லுக்கு அது வழி காட்டும். ஆறாத புண்ணுல அது மங்கிடும். நாம கொஞ்சம் தூண்டிவிடறோம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது."

மெஷின் ஓடியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நர்ஸ் நகர்ந்ததும் டெஸ்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

"ஏமாத்தறாங்கடி!" என்றவர், நான் தடுப்பதற்குள் மெஷின் குமிழைத் திருகிக் கரண்டைக் கூட்டிவிட்டார். "ஐயோ அம்மா!" என்று காலை உதறினார். மெஷின் கத்தியது. பெரிய கரண்ட்காரர்!

நர்ஸ் ஓடி வந்து மெஷினை அணைத்தாள். "அதிகமா வச்சா வர்ற செல்லும் செத்துடும். உங்களுக்குக் கால் வேணுமா, வேண்டாமா?"

மறுநாள் அவரே டெஸ்டரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் இருவரும் குனிந்து பார்ப்போம். புண் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது.

"நகருதாடி?"

"சும்மா இருங்க, கண் பட்டுடப் போகுது."

வாரங்கள் போகப் போகப் புண் நகத்தளவுக்குச் சுருங்கியது. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாதத்துக்கு இனி பயமில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து திரும்பினால் ஆளைக் காணோம். எதிர்வீட்டு வாசலில், கட்டுப் போட்ட காலோடு, "என் ஏணி எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"புண்ணே முழுசா ஆறலை, அதுக்குள்ள ஏணி கேக்குதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கத்தக் கத்தக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஏணியின் ஒரு முனையை நான்தான் தூக்கி வந்தேன்.