திரும்பி வரும் நடை

என் அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் பெயர் கேட்டு உட்காரவைப்பது அவள் வேலை. பள்ளிக்கூட நாட்களில் அவளுடைய பாடப்புத்தக ஓரங்களில் எல்லாம் பூனை வரைந்திருப்பாள். பக்கங்களை விரலால் சர்ரென்று விட்டால் பூனை ஓடும். ஓசியில் படம் பார்க்க வகுப்பே அவள் மேசையைச் சுற்றி நிற்கும். பரீட்சையில் அந்தப் பூனை கைகொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே ஏக்கமும் வரும்.

போன வருடம் ஒருநாள் அம்மா, அப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எல்லா ஃபோட்டோலயும் நின்னுட்டே இருக்காரு. எப்படி நடப்பாருங்கறது மறந்துட்டே வருது எனக்கு."

அப்பா பஸ் பட்டறையில் மெக்கானிக். ஒரு விபத்துக்குப் பிறகு இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார். வீடியோ எடுக்கிற வசதி எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டார். அம்மா அப்படிச் சொன்னதிலிருந்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. முழுசாக மறப்பதற்குள் அப்பாவை நடக்கவைத்துக் காட்டியே தீருவது என்று கிளம்பிவிட்டாள்.

கார்ட்டூன் செய்யும் மென்பொருளுக்கான வேட்டை தொடங்கியது. பல் பிடுங்க வந்த விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர், பெரிய ஆட்கள் பயன்படுத்துவது என்று ஒன்றைச் சொன்னார். திறந்தால் திரை முழுக்கப் பொத்தான்கள். அக்கா எதையோ அமுக்க, வரைந்ததெல்லாம் மாயம்.

"இதைக் கத்துக்கறதுக்குள்ள எனக்கே பல்லு கொட்டிடும்" என்று மூடிவிட்டாள்.

அடுத்தது அதற்கு நேர் எதிர். ஆளும் தயார், நடையும் தயார். மீசை வைத்துச் சட்டை மாட்டினால் போதும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த அந்த ஆளை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "யாருடி இது, எலெக்‌ஷன்ல நிக்கறவரா?"

கடைசியில் நான் தேடிக் கொடுத்ததுதான், பெருமைக்குச் சொல்லவில்லை, அவளுக்கு ஒத்துவந்தது. ஒரு பென்சில், ஓர் அழிப்பான், ஓடவிட ஒரு பொத்தான். முந்தைய படம் அடியில் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம்.

"நம்ம புத்தக ஓரந்தாண்டா இது" என்றாள். டீ ஆறுவதற்குள் ஒரு பூனை கண் சிமிட்டியது.

தினமும் வேலை முடிந்து வந்து வரைந்தாள். அப்பா வீட்டிலிருந்து தெருமுனை வரை போவார், திரும்பி வருவார். வருவதற்குத் தனியாக வரைய வேண்டியதில்லை. போகும் படங்களை அப்படியே இடவலமாகத் திருப்ப ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள்.

அம்மாவை உட்காரவைத்துக் காட்டினோம். அப்பா போகும்போது அம்மாவின் முகம் மலர்ந்தது. வரும்போது சுருங்கியது.

"போனது அவருதான். வர்றது வேற யாரோ."

அக்கா மறுபடி ஓடவிட்டாள்.

"கால் மாறிப்போச்சே. அவருக்கு இடது காலுதான?"

படத்தைத் திருப்பியதில், இழுத்து நடக்கும் காலும் வலதாக மாறியிருந்தது. மறந்துட்டே வருது என்றவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். அக்கா அந்தப் படங்களை அழித்தாள். வரும் நடை முழுவதையும் முதலிலிருந்து வரைந்தாள்.

மறுபடி காட்டிய அன்று அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நான் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையிலிருந்து அப்பா இடது காலை இழுத்தபடி வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னாள்: "டேய், வழியில உக்காராத. அப்பா வர்றாரு பாரு."

நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.