பாஸ்கு அன்று டேசியைக் காணோம்

என் அண்ணி ஆரோக்கியம்மாளுக்குக் கோபம் வந்தால் பூந்தமல்லி முழுக்கக் கேட்கும். அதே அண்ணி முயலோடு பேசும்போது பக்கத்தில் நிற்கிற எனக்கே காதில் விழாது.

முயல் பங்களாவுடையது. அண்ணி ஆயாவாக வேலை பார்த்த டாக்டர் துரை வீட்டில், அவர் மகள் எமிலி வளர்த்தது. பெயர் டேசி. இரண்டு கையில் அடங்கும், பழுப்பு நிறம், காது இரண்டும் கன்னத்தோடு தொங்கும். நம் பக்கத்து முயலுக்குக் காது விறைத்து நிற்குமே, இதற்கு என்ன நோயோ என்றுதான் முதலில் நான் நினைத்தேன். சீமையில் அப்படி ஒரு ஜாதி இருக்கிறதாம்.

அது முப்பத்தெட்டாம் வருஷம். வெயில் ஏறுகிறதென்று துரை குடும்பம் ஊட்டிக்குக் கிளம்பியது. முயல் கூட வரக்கூடாது என்று துரைசானி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குழந்தை அழுது முகம் வீங்கி, பெட்டியோடு டேசியை அண்ணியிடம் கொடுத்து, "ஆயா, சாக விடாதே" என்றதாம். "நான் கீறேன் கண்ணு" என்று அண்ணி சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பூந்தமல்லி வெயிலில் மனுஷனுக்கே நாக்கு வறளும். அண்ணி பெட்டிமேல் ஈரச் சாக்கு போட்டாள். துணியை நனைத்துத் தொங்குகிற காதுகளை ஒத்தி ஒத்தி எடுத்தாள். காலையில் கண் விழித்ததும் புழுக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். கொஞ்சம் குறைந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. தீனிக்கு மட்டும் கவலையில்லை. என் அண்ணன் ராயப்பன் ஜட்கா ஓட்டுகிறவர். குதிரைக்கு வருகிற அருகம்புல்லில் அண்ணி தாராளமாகக் கை வைத்தாள். "குதுர வயித்துல அடிச்சி இந்தச் சனியனுக்குப் போடுறா" என்று அண்ணன் முணுமுணுப்பார். அவர் வாயில் டேசி என்ற பெயர் வந்து நான் கேட்டதில்லை.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தின நாள் நானும் என் வீட்டுக்காரர் அந்தோணிராஜும் ஆவடியிலிருந்து வந்து இறங்கினோம். தபசுகாலம் முழுக்கக் கறியைத் தொடாத மனுஷர். பெட்டியைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது.

"இன்னா மச்சான், நாளிக்கு இத்தான் கொயம்பா? நாப்பது நாளா நாக்கு செத்துப் பூட்டுதுபா!"

அண்ணி கையில் கரண்டி இருந்ததால் நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். அண்ணன் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. "மொயல் கறி தானே மாப்ள, துன்னலாம்" என்றார். அந்தப் பேச்சு அண்ணி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாள் விடியுமுன்பே அண்ணன் ஜட்காவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பண்டிகைச் சவாரி கிடைத்திருக்கும் என்று நினைத்தோம். ஆனால் பாஸ்குப் பூசைக்கும் அவரைக் காணோம். அண்ணி ஜெபமாலையை உருட்டினாளே தவிர, ஜெபம் எங்கே போயிற்றோ ஆண்டவருக்குத்தான் தெரியும். பூசை முடிந்ததும் ஒருத்தருக்கும் வாழ்த்துச் சொல்லாமல் நடையைக் கட்டினாள். நான் பின்னால் ஓடினேன்.

தெரு முனையிலேயே மசாலா வாசனை வந்தது. கொல்லையில் அண்ணன் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். சட்டியில் கறி கொதித்தது. பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வாடின புல் மட்டும் இருந்தது.

"அடப்பாவி! அந்தக் கொயந்தைக்கு இன்னாய்யா பதில் சொல்லுவேன்? உன் மாப்ள நாக்குக்கு என் டேசிதான் கெடச்சிதா?"

எல்லாம் என் வீட்டுக்காரர் வாயால் வந்த வினை. அவரோ வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரத் தைரியமில்லை.

அண்ணன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அடுப்பருகே கிடந்த வாழையிலைப் பொட்டலத்தைக் காட்டி, "கத்தாத. அந்த வாய எலையப் பிரிச்சிப் பாரு" என்றார்.

அண்ணி அசையவில்லை. நான்தான் பிரித்தேன். உள்ளே வெட்டிப்போட்ட தலை. அதே பழுப்பு. ஆனால் காதுகள் இரண்டும் நீளமாக, விறைப்பாக மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, காதப் பாருங்க! நிக்கிது!"

அண்ணி குனிந்து ஒரு காதை விரலால் மடக்கி விட்டாள். அது மறுபடி எழுந்து நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

"அப்ப அது எங்கய்யா?"

"தண்ணிப் பான கிட்ட கூடைய கவுத்து வச்சிக்கீறேன். இங்க ஒரே பொக, டேசிக்கு ஆவாது."

டேசி என்றார். நான் காதாரக் கேட்டேன்.

கூடையைத் தூக்கினோம். பானை கசிந்து ஈரமான மணலில் குழி பறித்துக்கொண்டு, வயிறு படியப் படுத்து அருகம்புல் மென்றுகொண்டிருந்தது. காதெல்லாம் மண். அண்ணி வாரி எடுத்து முந்தானையால் துடைத்தாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

முயல் கறி கேட்ட வாய் முயல் கறி போட்டால்தான் அடங்கும் என்று அண்ணன் கணக்குப் போட்டிருக்கிறார். குத்தம்பாக்கத்தில் சிநேகிதர் ஒருவர் புதரில் வலை கட்டுவார். அங்கே போய்க் காத்திருந்து, விழுந்த காட்டு முயலை வாங்கி வந்திருக்கிறார். பூசையை விட்டதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொள்வாராம்.

மத்தியானம் எல்லோருக்கும் அண்ணி கறியை அள்ளி அள்ளிப் போட்டாள். என் வீட்டுக்காரர் தலை நிமிரவேயில்லை, அவ்வளவு ருசி. அண்ணன் மட்டும் கறியைத் தொடாமல் ரசம் ஊற்றிக்கொண்டார். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். வயிறு சரியில்லாத மனுஷர் மூன்று தரம் சோறு வாங்கினார்.

முதல் மழை விழுந்ததும் எமிலி திரும்பி வந்தாள். ஒரு கட்டு அருகம்புல்லோடு டேசியை ஜட்காவில் ஏற்றிப் பங்களாவில் விட்டு வந்தவர் அண்ணன்தான். அன்றும் வயிறு சரியில்லை என்றாராம். அன்றைக்குச் சோறே வாங்கவில்லை என்று அண்ணி சொன்னாள்.