திருந்திய செல்கள்

செல்லின் தொழிலையே மாற்றுகிறார்கள், முதிர்ந்த செல்லை மறுபடி குழந்தையாக்குகிறார்கள் என்று பேப்பரில் வரும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். விலங்கியல் படித்தவள் செய்யக்கூடாத காரியம்தான். ஆனால் அந்தப் படிப்பை நான் முதன்முதலாகக் காட்டிய இடம் எங்கள் வீடு. அதற்கு என் அக்காவைப் பறிகொடுத்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு பாக்டரியில் உலைப் பிரிவில் வேலை. பல்சக்கரங்களைச் சூடேற்றி உறுதியாக்குகிற இடம் அது. அக்கா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஒரு நாள் பல் தேய்த்தபோது ஈறிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. கை காலெல்லாம் நீலத் திட்டுகள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அப்பா கைகட்டி நின்றார். நான் காலேஜில் படிக்கிறேன் என்பதால் டாக்டரம்மா பாதி ஆங்கிலத்தில் என்னிடம்தான் பேசினார். அக்காவின் வெள்ளை அணுக்கள் வளராமல் பாதியில் நின்றுவிட்டன, சாகாமல் பெருகிக்கொண்டே போகின்றன. வழக்கமான மருந்து அவற்றைக் கொல்லும். இந்தப் புது மாத்திரை கொல்லாது, மிச்ச வளர்ச்சியை முடிக்க வைக்கும்.

"ஆனா காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தா அன்னிக்கே கூட்டிட்டு வரணும். வளர்ற செல்லே நுரையீரல்ல போய் அடைச்சிக்கும். ஊசி இருக்கு, உடனே போட்டா பெரும்பாலும் அடங்கிடும்" என்றார்.

ரத்தக்கசிவு நின்றதும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மின்சார ரயிலில் அப்பா கேட்டார், "இன்னாம்மா சொன்னாங்க?"

"உங்க உலை மாதிரிதாம்பா. வேகாம வந்த சக்கரத்தத் தூக்கிப் போடாம மறுபடி உள்ள வெச்சு முழுசாக்குவீங்கல்ல, அதேதான்."

அந்த மாதத்தில் முதல்முறையாக அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் தலைகால் புரியாத பெருமை. காய்ச்சலைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் போகிற போக்கில், கொரட்டூர் ஸ்டேஷன் தாண்டிய பிறகு சொன்னேன். அதற்குள் அப்பா அம்மாவிடம் உலையைப் பற்றி விளக்க ஆரம்பித்திருந்தார்.

ஏழாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. டாக்டரம்மா சொன்னதை நினைவுபடுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"போனா மாத்திரய நிறுத்திடுவாங்கம்மா. வேகுற நேரத்துல உலைக் கதவத் தொறந்தா மொத்த சரக்கும் பாழு. சூடு ஏறுதுன்னா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்றார் அப்பா.

அந்தக் கதவை நடுவில் யாரும் திறந்துவிடாமல் வருஷக்கணக்காகக் காவல் நின்றவர் அவர். நான் சொன்னதை வைத்தே என்னை மடக்கிவிட்டார். அதைவிடக் கேவலம், அவர் சொன்னது எனக்கும் சரியென்று பட்டது.

மறுநாள் மதியம் அக்கா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன.

"படுத்தா மூச்சு முட்டுதுடி. உன் செல்லுங்க இன்னாடி இந்த ஆட்டம் ஆடுதுங்க?" என்று சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

"வளருதுக்கா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை ஜெபம் செய்ய வந்த பக்கத்து வீட்டு ஆண்ட்டி, அக்காவைப் பார்த்ததும் பைபிளைத் திறக்கவே இல்லை. "இன்னாண்ணா நீங்க! பொண்ணு உதடெல்லாம் நீலமா கீது, பாத்துகினு உக்காந்துகினு கீறீங்களே!" என்று அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டு, தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அதற்குள் நுரையீரல் அடைத்துப்போயிருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா வராந்தாவின் தரையில் விழுந்து கதறினாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கெட்ட செல்கள் மிச்ச வளர்ச்சியை முடிக்கத் தொடங்கிவிட்டன, மருந்து நன்றாகப் பிடித்திருந்தது, காய்ச்சல் வந்த அன்றே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

அப்பா என் தோளைத் தொட்டார். "இன்னாம்மா சொல்றாங்க?"

"செல்லெல்லாம் திருந்திடுச்சாம்பா."

"அப்ப மாத்திரை வேலை செஞ்சுது."

"செஞ்சுதுப்பா."

அப்பா டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

"நாம நடுவுல நிறுத்தாதது சரிதானேம்மா?"

"சரிதாம்பா" என்றேன்.