மேயரம்மா குடித்த தண்ணீர்

மேயரம்மாவுக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்து, என் தெருவையே ஏமாற்றியவள் நான்தான்! கோர்வையாக எழுத எனக்கு வராது; ஐந்தாவதோடு நின்றவள். பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் மறக்க முடியவில்லை...

எங்கள் மாநகராட்சிக்கு ஒரு பெண் மேயராக வந்தபோது தெருவே மகிழ்ந்தது. குடம் சுமந்த இடுப்புக்குத் தண்ணீரின் அருமை தெரியும் என்று நம்பினோம். எங்கள் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. தோல் கம்பெனியிலேயே காலம் கழித்த என் மூக்குக்கே பொறுக்காத வாடை! மனு மேல் மனு கொடுத்தோம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் மேயர் வருகிறார் என்றார்கள். பக்கத்து வீட்டு மும்தாஜ்தான் யோசனை சொன்னாள்.

"பேசினா அவங்க காதுல ஏறாது. எந்த வீட்டுக்குள்ள வர்றாங்களோ, அந்த வீட்டுல குழாத் தண்ணியக் குடிக்கக் குடுங்க. மூக்குக்குத் தெரியும்!"

எல்லோரும் சம்மதித்தோம். நானும்தான். ஆளுக்கொரு சொம்பு பிடித்து வைத்தோம்.

அவர் நுழைந்தது என் வீட்டில்! தனிக்கட்டை நான். என் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தே எவ்வளவு காலம்... வியர்வையோடு உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். வாசலில் நின்ற மும்தாஜ் கண்ணைக் காட்டினாள்.

உள்ளே போய்ச் சொம்பைத் தூக்கினேன். குப்பென்று அடித்தது. வீடு தேடி வந்த மனுஷிக்கு இதை எப்படிக் கொடுப்பது? என் கை, குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் பக்கம் போய்விட்டது...

டம்ளரைக் காலி செய்துவிட்டு, "தண்ணி நல்லாத்தானே இருக்கு! இன்னாத்துக்கு இத்தனை மனு?" என்றார். குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். நான் வாயைத் திறந்தேனா? இல்லை!

"பாத்தியாக்கா! முகத்தக்கூட சுளிக்கல. அது இன்னா மூக்கா, முருங்கக்காயா?" என்றாள் மும்தாஜ். "ஓட்டுக் கேட்டப்ப இன்னா பேச்சு! நாத்தத்தக் குடிச்சிட்டு நல்லா இருக்குன்றாளே, நெஞ்சழுத்தம் ஜாஸ்திதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... எப்படிச் சிரித்தேன்?

அதன்பின் மனுவோடு போனவர்களை, "மேயரே குடிச்சுப் பாத்துட்டாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்து மும்தாஜின் பேத்திக்கு உடம்பெல்லாம் புண். கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு குடியாத்தம் போய்விட்டார்கள். போகிற அன்றும் என் கையைப் பிடித்து, "நீ மட்டும் இன்னாத்துக்கு இந்தத் தண்ணியில அவதிப்படணும்? எங்ககூட வந்துடுக்கா" என்றாள்!

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. குழாயைத் திறக்காதது மேயரின் குற்றம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது உண்மைதான். ஆனாலும் மனசு ஆறுகிறதா? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்ல வேண்டாம்.

அவர் வந்தது ஆடியா ஆவணியா, கூட வந்தவர்கள் எத்தனை பேர், எனக்குச் சரியாக நினைவில்லை. குடியாத்தம் பக்கம் போகிறவர்கள் யாராவது மும்தாஜிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். எல்லாம் சரியாகச் சொல்வாள். டம்ளரில் இருந்தது எந்தத் தண்ணீர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.