வீட்டுக்காரர் பெயரைச் சொன்ன பெண்

திருவாரூரில், தங்கள் வம்சாவளியைத் தேடி எழுதுகிறவர்கள் கூடிய மண்டபம் அது. சுவர் முழுக்க அவரவர் குடும்ப மரம். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த வரலாற்றைப் பேச என்னை அழைத்திருந்தார்கள். சொத்தும் படிப்பும் உள்ள சில பெண்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் வந்த பிறகும், ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் பதிந்ததால் வாக்காளர் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனவர்களைச் சொன்னேன். நானே செய்தது ஒன்று சொல்ல மிச்சமிருந்தது. அதற்கு உரியவர் முன்வரிசையில், பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சொல்லிவிட்டேன்.

குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊரில் கூலித் தகராறு முற்றியிருந்த வருடம். என் தகப்பனார் மிராசுதார். அவர் ஆதரித்த வேட்பாளருக்கு நான் பூத் ஏஜென்ட். எங்கள் வயலில் நடவு நடும் பெண்கள் எங்களுக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்று தெரியும். புருஷன் பெயரை அவர்கள் வாயால் சொல்வதில்லை என்பதும் தெரியும்.

“ஆள் மாறாட்டமா இருக்கும் சார், வீட்டுக்காரர் பேரச் சொல்லச் சொல்லுங்க” என்றேன் வாக்குச்சாவடி அதிகாரியிடம்.

“மலை மேல நிக்கிற சாமி பேருங்க” என்றார் முதலில் வந்தவர்.

“சாமியா ஒனக்குத் தாலி கட்டுச்சு?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். பின்னால் வந்த சிலரும் போனார்கள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

அடுத்தவர் நகரவில்லை. வெளியே நின்ற புருஷனுக்கே கேட்கும்படி அவர் பெயரை உரக்கச் சொன்னார்.

“போதுமா சின்னய்யா, இன்னொரு தரம் சொல்லணுமா?”

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போய் என்ன சொன்னாரோ, திரும்பிப் போனவர்கள் மறுபடி வந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிச் சீட்டை வாங்கினார்கள். எங்கள் ஆள் தோற்றார். முதலில் வந்தவர் மட்டும் வரவேயில்லை.

இதைச் சொல்லி, அன்று பெயரை உரக்கச் சொன்னவரை, முன்வரிசையில் இருந்தவரைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். பேத்தி மைக்கை வாங்கிக் கொடுக்க, அவர் எழுந்தார்.

“பேரச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு கொறையும்னு எங்க மாமியா சொல்லிச்சு தம்பி. எங்க கொறஞ்சுது? மீன் கொழம்புல உப்பு பத்தலன்னு கெழவனாகுற வரைக்கும் சண்டை போட்டுட்டுத்தான் போனாரு!”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

“எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு? நாந்தான் ஜெயிச்சுட்டனே. அந்த மொத ஆளு எங்க தெருவுலதான் இருக்கா. அவகிட்ட வந்து கேளுங்க.”

“வர்றேன்” என்றேன்.

“இப்பவே வாங்க. பஸ்ஸு இருக்கு.”