மிஞ்சிய லகரம்

ஸக்கியா டீச்சருக்குக் கரப்பான் பூச்சியைக் கண்டால் ஒன்றும் ஆகாது. பிழைத் தமிழைக் கண்டால்தான் குமட்டும். அலுவிகாரையிலிருந்து மாத்தளைக்குப் பஸ்ஸில் வரும் அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள், கொம்பு முறிந்தும் கால் போயும் பலகைகளில் கிடக்கும் எழுத்துகளைப் பார்த்து முகம் சுளித்தே அவர் நெற்றியில் கோடு விழுந்துவிட்டது. கல்யாணக் கார்டு கொடுக்க வருபவர்கள், அவர் சிவப்புப் பேனையைத் தேடுவதற்குள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

விஞ்ஞானக் கண்காட்சி என்றால் அவருடைய பாடசாலையில் வருடா வருடம் சோடாத்தூள் எரிமலைதான். அந்த நுரையும் அவருக்கு அருவருப்பு. இந்த வருடம் சண்டை பிடித்து ஒரு மூலையை வாங்கினார். பேரண்டத்தின் தொடக்கத்தில் வெறும் ஒளியிலிருந்து சடம், அதாவது பொருள், எப்படி வந்தது என்று காட்டப்போகிறார். கல்விப் பணிப்பாளர் மீராசாஹிப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த வருடமும் அந்த மூலை. இல்லாவிட்டால் மறுபடி எரிமலை.

கண்காட்சியன்று காலையில் அந்த மூலையில் கட்டவேண்டிய பெனர் வந்தது. கட்டி முடித்த பிறகுதான் வாசித்தார்: "ஒளியிலிருந்து சடலம் பிறந்தது."

கென்டீன் ஸஜீதா எட்டிப் பார்த்து, "இன்னாலில்லாஹி! யாரு டீச்சர் மவ்த்து?" என்று துக்கம் விசாரித்தாள்.

அச்சுக்கடையில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. "சட" என்று அடித்ததும் கம்பியூட்டர் நீட்டிய சொல்லை அப்படியே போட்டிருக்கிறார்கள். டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாடசாலை அதிபர் பலீல் சொன்னது அதைவிட நாறியது.

"விடுங்க டீச்சர். தமிழ யாரு நின்டு வாசிக்கப்போற?"

"அஊது பில்லாஹ்! தமிழ்ல படிப்பிக்கிற ஸ்கூல்ட அதிபர் பேசிற பேச்சா இது?"

கத்தரிக்கோலை எடுத்தார். நடுவிலிருந்த 'ல'வை மட்டும் வெட்டி எடுத்தார்.

மீராசாஹிப் வந்ததும் முதலில் பார்த்தது அந்த ஓட்டையைத்தான். "இது என்னத்துக்கு டீச்சர்?"

"ஒளி மோதி, சடமும் எதிர்ச்சடமும் சோடி சோடியாப் பிறந்திச்சு சேர். ஒன்டையொன்டு அழிச்சித் திரும்ப ஒளியாப் போயிடிச்சு. நூறு கோடிச் சோடிக்கு ஒரு சடம் மட்டும் கூடுதலா மிஞ்சிச்சு. அந்த மிச்சத்துலதான் நீங்க, நான், இந்த மாத்தளை எல்லாம்."

"அப்ப ஓட்டை?"

"இங்கயும் ஒன்டு கூடுதலா வந்திச்சு. சடம் சடலமாப் போச்சு. அதுல பிறந்தது மையத்து." உள்ளங்கையிலிருந்த லகரத்தைக் காட்டினார்.

மீராசாஹிப் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த வருஷமும் இந்த மூலை உங்களுக்குத்தான்."

"நம்மட ஸ்கூல்ட ஐடியா சேர்," என்று பலீல் பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்து நின்றார்.

டீச்சர் அந்த லகரத்தை அவர் கையில் வைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் போனார்.